சுவரில் ஒட்டிய திட்டம்

அத்தியாயம் 14

அக்டோபர் 11, சனிக்கிழமை. காலை எட்டே முக்கால் மணிக்கு, மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் காலணிப் பட்டறையின் முன்னறைக் கணினியில் 2,286 பாத அளவுகள் இருந்தன. இடது 1,143. வலது 1,143.

அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள். குடையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது சுவரில் அந்தத் தாளைப் பார்த்தாள்.

நேற்று வரைக்கும் அங்கே தோல் வியாபாரி கொடுத்த காலண்டர் தொங்கியது. இப்போது காலண்டர் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. அது இருந்த இடத்தில், நான்கு மூலையும் டேப் ஒட்டிய வெள்ளைத் தாள். மேலே கொட்டை எழுத்தில் 'கணினி மேம்பாட்டுத் திட்டம்'. கீழே கட்டம் கட்டமாக ஒன்பது வரிகள். என்ன வேலை, யார், எத்தனை மணிக்கு.

எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் மனிதர்கள் முதலில் தேடுவது தங்களைத்தான். அக்காவின் கண் 'யார்' என்ற கட்டத்தில் சரசரவென்று இறங்கி ஐந்தாவது வரியில் நின்றது.

'மேசையைத் துடைத்தல் - அக்கா - 10.30.'

அதற்கு மேலே இருந்ததை அவள் படிக்கவில்லை. கீழே இருந்ததையும் படிக்கவில்லை.

கால் வளைந்தவர்கள், விரல் போனவர்கள், சுகரால் உள்ளங்காலில் புண் வந்தவர்கள், இவர்களுக்குச் செருப்பும் ஷூவும் தைக்கும் பட்டறை அது. பத்தொன்பது வருடமாக அளவெடுப்பவள் அக்கா. உள்ளே வைக்கும் இன்சோலைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவருபவளும் அவள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்பு பாதத்தைப் படமெடுக்கும் கருவியும் கணினியும் வந்தன. அப்போது பழைய அளவுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றியதும் அவளே. ஓர் ஆளுக்கு ஓர் எண் என்பது அவள் வைத்த வழக்கம். இடது பாதம் 'இடது' என்ற ஃபோல்டரில், வலது பாதம் 'வலது' என்ற ஃபோல்டரில். இரண்டிலும் அதே எண். 417 என்றால் அங்கே வழக்கமாக வரும் பழைய பஸ் கண்டக்டர், இரண்டு காலும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அப்பா பட்டறையைத் தம்பி பெயருக்கு எழுதிக் கொடுத்தார். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடித உறையில் தம்பியின் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று அச்சடித்திருந்ததைப் போன வாரம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய கோபம் அந்த வீட்டில் ஒரு ஜலதோஷம் மாதிரி வந்து போய்விட்டது.

"பாத்தியாக்கா?" கணினிக்குப் பின்னாலிருந்து தம்பி தலையை நீட்டினான். மூக்கு நுனியில் தூசி. "நாலு நாளா உக்காந்து போட்டது. எங்கேயும் இடிக்காது."

"பாத்தேன். மேசை துடைக்க ஆள் போட்டிருக்கே. பொறுப்பான வேலைதான்."

"ஆரம்பிச்சிட்டியா? எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலைன்னு போட்டேன்."

"எல்லாரும்னா யாரு? நீ, நீ, அப்புறம் நீ."

"அப்பாவுக்கும் போட்டிருக்கேன்."

"அவருக்கு என்ன, மேற்பார்வையா?"

"முழுசாப் படிச்சுப் பாரேன்."

அவள் படிக்கவில்லை. ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சு வழக்கத்தைவிட இறுக்கமாக விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கற இந்த வெர்ஷனுக்கு வர்ற செவ்வாய்க்கிழமையோட பாதுகாப்பு எல்லாம் நிக்குதுக்கா," என்றான் தம்பி. "அப்புறம் எவன் வேணா உள்ள புகுந்துடுவான். ஆஸ்பத்திரியில லெட்டரே போட்டுட்டாங்க. பழைய வெர்ஷன் வெச்சிருந்தா கேஸ் அனுப்ப மாட்டாங்களாம்."

"லெட்டர் உறையை நானும் பாத்தேன்."

தம்பி ஒரு கேபிளைக் கையில் எடுத்தான். அதைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இது மேலயே புதுசை ஏத்த முடியாது. டிஸ்க்கைச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் போடணும். அதான் அளவெல்லாம் முதல்ல வெளி டிஸ்க்குல எடுத்து வெக்கிறேன். புது சாப்ட்வேர்காரன் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும்னு சொல்லிட்டான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எதுக்கு?"

"ஏத்தினது நான்."

"யாரு இல்லேன்னா? கம்ப்யூட்டரை நான் பாத்துக்கறேன். காலை நீ பாத்துக்கோ. தீர்ந்துது."

தம்பி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வரும் ஆட்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி அனுப்புகிறவர்கள். அது நின்றால் பட்டறை நிற்கும். அது அவளுக்கும் தெரியும். அதுதான் இன்னும் கசந்தது. தப்பாகப் பேசுகிறவனோடு சண்டையாவது போடலாம்.

ஒன்பதரைக்குக் கண்டக்டர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இப்போதும் ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோல் காலை அகட்டித்தான் நிற்பார்.

"டாக்டரம்மா, உள்ள இடம் இருக்கா?"

"ஏறி வாங்க, ஏறி வாங்க. படியில தொங்காதீங்க."

மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பார். இன்றைக்கும் சிரித்தார். ஆனால் உட்காரும்போது இடது காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்தார். அக்கா அதைக் கவனித்தாள்.

ஷூவைக் கழற்றி, புறங்கையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் எலும்புக்குக் கீழே சூடாக இருந்தது. பழைய புண் இருந்த அதே இடம்.

"சிவந்திருக்கே. எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்துதான்."

"டிக்கெட் எடுக்காதவன் இறங்கற இடம் சொல்ற மாதிரி இருக்கு. எத்தனை நாளா?"

"நாலு நாள்," என்றார் கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இன்சோல் அமுங்கிப் போச்சு. புதுசு வெச்சே ஆகணும்."

"இன்னிக்கே குடுத்துடுங்களேன்."

அக்கா கணினியைப் பார்த்தாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு அவர் அதைத் தொட விட மாட்டார்," என்று தம்பியைக் காட்டினாள். "திங்கட்கிழமை பத்து மணி. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள மட்டும் நடங்க."

"வீட்டுக்குள்ள நடந்தா வீட்டுக்காரி வேலை சொல்வாளே."

"அப்ப உக்காருங்க."

கண்டக்டரின் இடது பாதத்தை மறுபடியும் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் படம் மட்டும் போதாது. இந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம், அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் மேடு, குதிகாலில் வெளிப்பக்கம் ஒன்றரை என்று மூன்று வருடத்தில் பதினொரு முறை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் அந்தப் புண் மூடியது. அளவெடுக்கும் கருவிக்கு அது தெரியாது. தப்பாகப் போன ஒவ்வொரு முறையும் அவர் காலில் புண் எழுதிக் காட்டியது. அதைப் பார்த்து அக்கா திருத்தினாள். 417-இன் இடது பாதத்தில் அந்தப் பதினொரு திருத்தங்களும் இருந்தன.

இன்னொரு இடத்திலும் இருந்தன. ஒவ்வொருவரின் பாதத்தையும் அக்கா முதலில் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்வாள். திருத்தங்களையும் முதலில் அதில்தான் எழுதுவாள். பிறகுதான் கணினி. கருவி வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஷூ லேஸால் கட்டிய பதின்மூன்று கட்டுகள் பின்னறைப் பரணில், ஒரு பழைய திரைத் துணிக்குப் பின்னால் இருந்தன. 'உன் மியூசியம்' என்பான் தம்பி.

பத்தரைக்கு, திட்டத்தில் போட்டிருந்தபடி, பச்சைக் கோடு முடிந்தது. "முடிஞ்சுதுக்கா!" என்று தம்பி இரண்டு கையையும் தூக்கினான். சாப்ட்வேர்காரரோடு பேச போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அக்கா ஈரத் துணியோடு வந்தாள். பத்தரை என்றால் பத்தரை.

மேசையைத் துடைத்தாள். விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினாள். திரைக்கு வந்தபோது வெளி டிஸ்க்கின் ஃபோல்டர் திறந்தபடி இருந்தது. அதன் அடியில், சிறிய எழுத்தில், ஓர் எண்.

1,143.

துணி அப்படியே நின்றது.

417-ஐத் திறந்தாள். கண்டக்டரின் வலது பாதம் வந்தது. புண்ணே வராத கால். 12-ஐத் திறந்தாள். வலது. 860. வலது. 1,101. வலது.

தையல் பிரிந்த ஷூவைக் கையில் எடுத்ததும் எங்கே நூல் விட்டது என்று தெரிவதுபோல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி இடது பாதங்களை முதலில் ஏற்றியிருக்கிறான். பிறகு அதே ஃபோல்டரில் வலது பாதங்கள். எண் ஒன்றாக இருந்ததால் ஒவ்வொரு வலதும் அதனதன் இடதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கணினி கேட்காமல் இருந்திருக்காது. இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றட்டுமா என்று கேட்டிருக்கும். இவன் போனில் பேசிக்கொண்டே 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று அமுக்கியிருப்பான்.

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. கணினியில் இரண்டு ஃபோல்டரும் அப்படியே இருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நிமிட வேலை.

அக்கா வாசலைப் பார்த்தாள். தம்பி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "ஆமா சார், ஓனர்தான் பேசறேன்," என்று சொல்வது கேட்டது.

அவள் நினைத்தது இதுதான். திங்கட்கிழமை இவன் வருவான். இடதெல்லாம் எங்கேக்கா என்று கேட்பான். பரண் மேல் இருக்கிறது, ஏணி போட்டு ஏறு என்று சொல்லலாம். அவன் மியூசியம் என்று சொன்னதை அவனே சுமந்து இறக்கட்டும். இந்தக் கோடு என்ன, இந்தப் பள்ளம் எதுக்கு என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் அவளிடம் வந்து கேட்கட்டும். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறை கேட்கட்டும். கண்டக்டருக்கு ஒரு குறையும் வராது. அவருடைய காகிதம் ஐந்தாவது கட்டில், மேலாகவே இருக்கிறது.

திறந்தவற்றையெல்லாம் மூடினாள். திரையையும் துடைத்தாள்.

தம்பி உள்ளே வந்தான்.

"எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"எதை?"

"அளவெல்லாம். இங்க இருந்ததும் அங்க போனதும் சரியா இருக்கான்னு."

"அது என்ன பட்டனாக்கா, எண்ணிப் பாக்கறதுக்கு? விட்டுப் போச்சுன்னா கம்ப்யூட்டரே சொல்லும்."

"அதுவே சொல்லுமா?"

"சொல்லும்."

"சரி."

அவள் கேட்டாள். சொல்லவில்லை. நாளைக்கு யாராவது விசாரித்தால், நான்தான் அப்பவே கேட்டேனே என்று சொல்லிக்கொள்ள அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. தேய்க்கும் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பதினொன்று நாற்பதுக்குக் கணினி தம்பியிடம் கேட்டது, இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா என்று. ஆம் என்றான். உறுதியாகவா என்று இன்னொரு முறை கேட்டது. அக்கா சக்கரத்தின் சுவிட்சைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பட்டறையில் வேறு எதுவும் கேட்காது.

சக்கரத்தை அவள் நிறுத்தியபோது திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

கண்டக்டரின் இன்சோலை இன்றைக்கே தேய்த்து வைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம், சிவந்த காலோடு மனிதர் எதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும்? பின்னறைக்குப் போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணின் திரைத் துணியை விலக்கினாள்.

பரண் காலியாக இருந்தது.

கூட்டித் துடைத்த காலி. கட்டுகள் இருந்த இடத்தில் பலகை மட்டும் வெளுப்பாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தது. மூலையில் ஒரு ஷூ லேஸ் கிடந்தது.

பின் முற்றத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பரண்ல இருந்த கட்டெல்லாம் எங்க?"

"போட்டாச்சு. காலையில ஏழரைக்கே பழைய பேப்பர்காரன் வண்டியோட வந்துட்டானே."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரைக் கேக்கணும்? லிஸ்ட்ல இருக்கு. ரெண்டாவது வரி. என் பேர் போட்டிருக்கான்." அவர் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்திருந்தது. "எழுபத்தாறு வயசுல ஏணியில ஏறி ஒண்ணொண்ணா இறக்கினேன். பட்டறையை எழுதிக் குடுத்தப்புறம் இந்த வீட்டுல எனக்குன்னு ஒருத்தன் குடுத்த முதல் வேலை இது. வேலை எப்படிப் போச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?"

"எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்காமே," என்றார் அப்பா. "நீ படிக்கலையா லிஸ்ட்டை?"

அக்கா முன்னறைக்கு வந்தாள். சுவருக்கு முன்னால் நின்று, அன்றைக்கு முதல்முறையாக, அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தாள்.

இரண்டாவது வரி: 'பரணில் உள்ள காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடுதல் - அப்பா - 7.30.' மூன்றாவது, நான்காவது, தம்பி. ஐந்தாவது அவளுடையது. ஆறாவது: 'டிஸ்க்கை அழித்தல் - தம்பி - 11.40.' ஏழாவது: 'புதியதை நிறுவுதல் - தம்பி - 12.00.'

எட்டாவது: 'பாத அளவுகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தல் - அக்கா - 3.00.'

அதை இரண்டு முறை படித்தாள். சரிபார்க்கிற வேலையை அவளுக்குத்தான் கொடுத்திருந்தான். அழித்த பிறகு கொடுத்திருந்தான். இன்று காலை எட்டே முக்காலுக்கு இந்த வரியை அவள் படித்திருந்தால், அட முட்டாளே, எட்டை ஆறுக்கு முன்னாடி கொண்டு வா என்று அந்த நிமிடமே தலையில் குட்டியிருப்பாள்.

பேப்பர்காரரின் எண் தம்பியிடம் இருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்பதுபோல் கேட்டு வாங்கி, முற்றத்தில் நின்று அழைத்தாள். காலை லோடு பத்து மணிக்கே காகிதத்தைக் கூழாக அரைக்கும் ஆலைக்குப் போய்விட்டதாக அவர் சொன்னார். "ஏம்மா, உள்ள நகை கிகை ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"இல்ல," என்றாள்.

மூன்று மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "எட்டாவது வரி வந்தாச்சுக்கா. உன் டர்ன். வா, வந்து உக்காரு." எழுந்து தன் நாற்காலியை அவளுக்காகத் துடைத்தான். புதிய திரை நீலமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. "இனிமே நீதான் இதுல ராணி. உனக்குன்னு தனியா பாஸ்வேர்ட் போட்டிருக்கேன். திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் நானே சொல்லித் தர்றேன். முதல்ல கண்டக்டரை எடு, பாப்போம்."

அக்கா 417 என்று தட்டினாள். வலது பாதம் வந்தது.

"ம், வலது. இடதைத் திற."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி குனிந்து தானே தேடினான். 418-ஐத் திறந்தான். 419-ஐத் திறந்தான். வேகம் கூடியது. முன்னுக்குப் போனான், பின்னுக்குப் போனான். அடியில் இருந்த எண்ணைப் பார்த்தான். வெளி டிஸ்க்கைப் பிடுங்கிச் செருகி அதிலும் பார்த்தான்.

"நான் ரெண்டையும்தான் போட்டேன். சத்தியமா ரெண்டையும்தான்..." பாதியில் நின்றான். தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. "சரி, சரி. உன் பேப்பர் கட்டு இருக்கு. பரண்ல..."

அதையும் பாதியில் நிறுத்தினான். சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். இரண்டாவது வரியைப் பார்த்தான்.

தம்பி மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

"காலையில எண்ணிப் பாத்தியான்னு கேட்டியே," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "எதுக்குக்கா கேட்ட?"

அக்கா ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள்.

கணினியில் 1,143 வலது பாதங்கள் இருந்தன. இடது பாதம் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டக்டரை வரச் சொல்லியிருந்தது.